நாலாவது மிஸ்டு கால்

எங்கள் டீம் மேலே ஏறும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் என் அவசரமும் ஆசையும்தான் காரணம் என்று கிழக்கு ஸ்டாண்டில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஆசை கிடையாது. பதினெட்டு வருஷமாக இரண்டாவது டிவிஷனிலேயே குடித்தனம் நடத்தும் ஒரு டீமுக்கு ஸ்கோர் போர்டு மாட்டுகிறவனுக்கு ஆசை எங்கிருந்து வரும்? வயிற்றெரிச்சல்தான் வரும்.

வாரத்தில் ஐந்து நாள் நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து, விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் உடையும். கூடவே முதலாளியின் பொறுமையும் உடையும். சனிக்கிழமை மதியம் மட்டும் மைதானத்தில், வடக்குக் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், ஏணி வைத்து ஏறும் ஓர் இரும்பு மேடையில் நிற்பேன். எலக்ட்ரிக் போர்டு ஆறு வருஷத்துக்கு முன் மழையில் நனைந்து புகை விட்டது. அன்றிலிருந்து தகரத்தில் எண்களை எழுதிக் கொக்கியில் மாட்டுகிறோம். மாட்டுகிறோம் என்றால் நான்தான். அதனால் எனக்கு 'போர்டு' என்று பெயர். என் மனைவியை 'போர்டம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்.

இந்த வருஷமும் வழக்கம் போலத்தான் ஆரம்பித்தது. பாதி சீசன் முடிந்தபோது பத்தாவது இடம். இடது பின்வரிசைக்காரனுக்குக் 'கதவு' என்று பெயர், எப்போதும் திறந்தே கிடப்பான். முன்வரிசைக்காரன் 'ஆணி'. கோல்போஸ்ட்டுக்கு ஆறடி முன்னால் ஓரிடத்தில் போய் நின்றால் நின்றதுதான், பந்து அவனைத் தேடி வந்தால் உண்டு. கோல்கீப்பர் வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறார், ஆகவே 'வாத்தியார்'. கோச்சுக்குப் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, எங்கள் டீமைத் தினமும் பார்க்கிறவர் சிரிக்கவும் முடியாது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஜெயித்தோம். அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தோம். மூன்றாவது வாரம் கதவு மூடிக்கொண்டது, ஆணிக்குப் பந்து தானாக வந்து காலில் பட ஆரம்பித்தது. ஸ்டாண்டில் ஆட்கள் பாட்டுக் கட்டினார்கள். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இந்த டீம் என்னை ஏற்கெனவே நாலு தடவை கழுத்தறுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அறுத்தது. அதனால் ஒவ்வொரு கோலுக்கும் எண்ணை மாட்டுவேன், கீழே இறங்குவேன், வீட்டுக்குப் போவேன். மனைவி "என்னாச்சு?" என்பாள். "ஜெயிச்சாங்க" என்பேன். "உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே" என்பாள்.

முதலிடத்தை வேறொரு டீம் எப்போதோ பிடித்துவிட்டது. இரண்டாவது இடத்துக்குத்தான் சண்டை. அது எங்களுக்கும் அக்கரைக்கும் நடுவில். அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரின் டீம். பாலத்தில் ஒரு மணி நேரம் பஸ் ஊர்ந்தால் அவர்கள் ஊர் வரும். முதல் இரண்டு டீம் நேராக மேலே போகும். மூன்றாவதும் நான்காவதும் சீசன் முடிந்த அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு மேட்ச் ஆடி, ஜெயிக்கிறவர்கள் போவார்கள்.

அக்கரையில் என் மச்சான் இருக்கிறார். மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். நாலு வருஷத்துக்கு முன் கம்பெனி அவரை அங்கே மாற்றியது. எங்கள் டீமுக்காக என்னைவிட அதிகமாகத் தொண்டை கிழியக் கத்தியவர் அவர். அங்கே போன பிறகும் சனிக்கிழமையானால் அக்கரை மைதானத்துக்குப் போய், டிக்கெட் வாங்கி, அவர்கள் ஆட்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் தோற்பதைப் பார்த்துவிட்டு வருவார். கைதட்ட முடியாது, சிரிக்கக்கூட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட வேண்டும். இதெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் மச்சானும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை.

அவர் அக்கரைக்கு வீடு மாற்றிய அன்று சனிக்கிழமை. "மாப்ளே, பீரோவை மட்டும் நம்ம ரெண்டு பேரும் தூக்கிடலாம், ரெண்டு மணிக்கு வந்துரு" என்றார். சரி என்றேன். ஒன்றரை மணிக்கு எனக்கு மேட்ச் ஞாபகம் வந்தது. மறந்துபோய் ஞாபகம் வந்தது என்று எழுதினால் என் பேனாவே சிரிக்கும், சரி என்று சொன்னபோதே ஞாபகம் இருந்தது. கடைசி இடத்தில் இருந்த டீமோடு மேட்ச். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு தகரத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்தில் மச்சானும் அவர் மனைவியும் அந்த இரும்பு பீரோவை மூன்று மாடி தூக்கியிருக்கிறார்கள். அங்கே லிஃப்ட் உண்டு. நாலு விரல் அகலம் போதாமல் பீரோ அதில் நுழையவில்லை. மச்சானே டேப் வைத்து அளந்து, நுழையும் என்று சொன்ன லிஃப்ட் அது. பீரோ ஹால் வாசலைத் தாண்டியதும் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் படுக்கை.

பார்க்கப் போனேன். படுத்தபடியே, "மேட்ச் இருந்தா நீ என் சாவுக்குக்கூட வரமாட்டடா" என்றார்.

"எந்தக் கிழமைன்னு முன்னாடியே சொல்லுங்க, பாக்கிறேன்" என்றேன்.

தமாஷாகத்தான் சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு அந்த நிலைமையில் இருந்தும் திரும்பினார் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும். மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதை ரோஷம் என்று நினைத்துக்கொண்டு நாலு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

இந்த சீசனில் கடைசி ஏழு மேட்சுக்கு அக்கரையின் ஸ்கோர் எங்களுக்குத் தேவைப்பட்டது. மைதானத்தில் பன்னிரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனை நோண்டினால் எல்லார் திரையிலும் ஒரு வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியோவில் பெரிய டிவிஷன் மட்டும்தான் சொல்வார்கள். எப்போதாவது ஒரு கால் மட்டும் தப்பிப் பிழைத்து வந்து சேரும். முதல் வாரம் மச்சான் என் மனைவிக்குப் போன் பண்ண, அவள் எனக்குப் போன் பண்ணினாள். அவள் துணி ஆல்டர் பண்ணும் தையல் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமைதான் அவளுக்கும் கூட்டம். இரண்டாவது வாரம் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்றாள். அன்றைக்கே ஒரு காகிதத்தில் சட்டம் எழுதிக் கொடுத்தாள். அண்ணனுக்கும் ஒரு பிரதி போயிற்று.

ஒரு மிஸ்டு கால் வந்தால் கோல் வாங்கியாயிற்று. அடுத்தடுத்து இரண்டு வந்தால் கோல் போட்டாயிற்று. மூன்று வந்தால் மேட்ச் முடிந்தது. அக்கரையைப் பற்றி அவர் எனக்கு அடிப்பார், எங்கள் டீமைப் பற்றி நான் அவருக்கு அடிப்பேன். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச வேண்டிவரும்.

பேசாமலே ஒருவரை இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று நான் நினைக்கவில்லை. அக்கரை கோல் வாங்கினால் மச்சான் மூன்று மணி முழுசாக அடிக்கவிட்டுத்தான் கட் பண்ணுவார், அதிலேயே அவர் சிரிப்பது கேட்கும். அக்கரை கோல் போட்டால் பாதி மணியிலேயே வெடுக்கென்று கட் பண்ணிவிட்டு, மனசில்லாமல் இரண்டாவதை அடிப்பார். நான் மேடையில் ஒரு கீழ் வரிசை சேர்த்தேன். மேலே எங்கள் ஸ்கோர், கீழே அக்கரையின் ஸ்கோர். மொத்த மைதானமும், கோச் உட்பட, அந்தக் கீழ் வரிசையைப் பார்த்துத்தான் மூச்சு விட்டது.

கடைசி மேட்சுக்கு முந்தின நாள் கணக்கு இதுதான்: இரண்டு டீமுக்கும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் அவர்கள் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். அதனால் அவர்களைவிட ஒரு படி மேலான முடிவு எங்களுக்கு வேண்டும். அவர்கள் டிரா என்றால் நாங்கள் ஜெயிக்க வேண்டும். அவர்கள் தோற்றால் எங்களுக்கு டிராவே போதும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள். "அண்ணனுக்கு மறுபடி இங்கயே மாத்தல் வந்துருச்சு. அடுத்த சனிக்கிழம வீடு மாத்துறான். ரெண்டு மணிக்கு லாரி."

"வேற நாளே இல்லையா அவருக்கு?"

"ஞாயித்துக்கிழம அந்த வீட்டுக்கு வேற ஆள் வர்றாங்க. திங்கக்கிழம இங்க வேலைல சேரணும். அந்த பீரோ நாலு வருஷமா ஹால்லதான் நிக்குது, தெரியுமா? துணி மாத்த ஹாலுக்கு வர்றாங்க." தட்டை நகர்த்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இந்தத் தடவையும் நீங்க போகலன்னா, இனிமே நான் நடுவுல நிக்கமாட்டேன். எங்க அண்ணன் வீட்டுக்கு நான் தனியாப் போவேன், தனியா வருவேன். அவ்வளவுதான்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நேராக ஏறிவிட்டால் அடுத்த சனிக்கிழமை காலியாக இருக்கும், பீரோவைத் தூக்கலாம். மூன்றாவது இடம் என்றால் அதே சனிக்கிழமை, மூன்று மணிக்கு, எங்கள் மைதானத்திலேயே அந்த ஒரே மேட்ச். "நாளைக்கு ஏறிட்டாங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவினாள்.

ஆக, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஆசை வந்தது. மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் முதல் பாதியில் இரண்டு மைதானத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. இடைவேளை முடிந்து ஏழாவது நிமிஷம் இரண்டு மிஸ்டு கால். அக்கரை 1, எதிரி 0. மைதானம் அப்படியே வாடிப்போனது. அந்தத் துக்கத்திலேயே நாங்களும் ஒன்று வாங்கினோம். மச்சானுக்கு ஒரு மிஸ்டு கால் அடித்தேன். அறுபத்து நாலாவது நிமிஷம் கதவு ஓரமாக ஓடிப் பந்தை உள்ளே போட, அது ஆணியின் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அவனுக்கே ஆச்சரியம். 1–1. மச்சானுக்கு இரண்டு.

அப்புறம்தான் விளையாட்டுச் சூடு பிடித்தது. அறுபத்தெட்டாவது நிமிஷம் ஒரு மிஸ்டு கால், மூன்று மணி முழுசாக. அக்கரை 1–1. எழுபத்து நாலில் இன்னொன்று, அதுவும் மூன்று மணி. அக்கரை 1–2. இப்போது டிராவே போதும். நான் '2'ஐ மாட்டியபோது எழுந்த சத்தத்தில் மேடை ஆடியது. ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

எண்பத்தோராவது நிமிஷம் மறுபடியும் போன். பாதி மணி. கட்.

இரண்டாவது வருகிறதா என்று பத்து வரை எண்ணுவது என் வழக்கம். அன்று ஆறு வரை எண்ணினேன். ஆறு போதும் என்று தோன்றியது. மூன்றாம் எண் தகரம் ஏற்கெனவே கையில் இருந்தது. மாட்டிவிட்டேன். அக்கரை 1–3.

கோச் திரும்பிப் போர்டைப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று அசைந்தது, சிரிப்பாகக்கூட இருக்கலாம். உடனே ஆணியை வெளியே கூப்பிட்டுவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரனை உள்ளே அனுப்பினார். பையன்கள் பந்தைக் கார்னர் மூலைக்குக் கொண்டுபோய், அதன்மேல் ஏறி நிற்காத குறையாகக் காவல் காத்தார்கள். ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பாடினார்கள்.

நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் பாதி மணி? அக்கரை மூன்றாவது கோல் வாங்கியதற்கு மச்சான் பாதி மணி அடிக்கமாட்டார். சந்தோஷத்தில் கட் பண்ணவே மறந்திருப்பார். அது கசப்பான மணி. இரண்டாவது கால் வராததற்கு நெட்வொர்க்கைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அப்படியென்றால் அக்கரை வாங்கவில்லை, போட்டிருக்கிறது. 1–3 இல்லை, 2–2. அப்படியென்றால் இந்த டிரா எங்களுக்கு உதவாது. அப்படியென்றால் ஒரு கோல் வேண்டும், நாங்களோ ஆணியைப் பிடுங்கி பெஞ்சில் போட்டுவிட்டு மூலையில் பந்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்பதென்றால் பேச வேண்டும். நாலு வருஷம் கழித்து முதலில் வாயைத் திறக்கிறவன் நானாக இருக்க வேண்டும். அந்த இரும்பு மேடையில் நின்றுகொண்டு அரை நிமிஷம் யோசித்தேன். டீமுக்கு அப்போது அரை நிமிஷம்கூட உபரியாக இல்லை. இருந்தும் யோசித்தேன், அதுதான் என் லட்சணம்.

எண்பத்தைந்தாவது நிமிஷம் மச்சானுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, ஆச்சரியமாக அந்த நேரம் பார்த்து லைன் கிடைத்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? எடுக்கக் கூடாது என்பது சட்டம். வைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டேன், "எடுங்க மச்சான், எடுங்க" என்று தகரத்தைப் பார்த்துக் கத்தினேன். எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். முதல் கால் வந்ததும், நாங்கள் கோல் வாங்கிவிட்டோம் என்று மச்சான் தலையில் கைவைத்திருக்கிறார். இரண்டாவது வந்ததும், அடடா, வாங்கவில்லை, போட்டிருக்கிறோம், 2–1 என்று எழுந்து நின்றிருக்கிறார். மூன்றாவது வந்ததும், கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், மேட்சே முடிந்துவிட்டது, நாம் ஏறிவிட்டோம் என்று நாலு வருஷமாக அடக்கிவைத்த கத்தலையெல்லாம் சேர்த்து அக்கரை ஸ்டாண்டின் நடுவில் கத்திவிட்டார். பக்கத்தில் இருந்தவன், நாலு வருஷமாக அவரோடு கடலை பகிர்ந்து தின்றவன், "டேய், இவன் அவங்க ஆளுடா!" என்று எழுந்தானாம். தொப்பி போயிற்று. ஒரு செருப்பும் போயிற்று.

நாலாவது தடவை போட்டேன். நாலு மிஸ்டு காலுக்குச் சட்டத்தில் அர்த்தம் கிடையாது. அதனால் எடுத்தார்.

"மாப்ளே!" என்றார். அழுதுகொண்டிருந்தார். "ஏறிட்டோமா மாப்ளே! ஏறிட்டோம்ல!"

நாலு வருஷம் கழித்து அவர் குரலைக் கேட்கிறேன். அதில் கோபம் துளிக்கூட இல்லை. அந்தக் குரலுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான்.

"இல்ல மச்சான். இன்னும் முடியல. 1–1தான். அங்க என்ன ஸ்கோர்?"

அவருக்குப் பின்னால் ஒரே கூச்சல். "ரெண்டுக்கு ரெண்டு" என்றார். "ரெண்டு தடவை அடிச்சேனே?"

"ஒண்ணுதான் வந்துச்சு."

"அய்யோ" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

நான் '1'ஐயும் '3'ஐயும் கழற்றிவிட்டு இரண்டு '2'களை மாட்டினேன். பன்னிரண்டாயிரம் பேர் பாடிக்கொண்டிருந்த பாட்டு நடுவில் அறுந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒரு தண்ணீர் பாட்டில் வந்து என் முழங்கையில் பட்டது. கோச் போர்டைப் பார்த்தார், இனி உள்ளே திரும்ப முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த ஆணியைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மிச்சம் இருந்த ஐந்து நிமிஷமும் எல்லாரும் பைத்தியம் பிடித்தவர்களாக ஓடினார்கள். கடைசி கார்னருக்கு வாத்தியாரே கோலை விட்டுவிட்டு முன்னால் வந்தார். பந்து நாலு பேர் தலைக்கு மேல் சுற்றி, ஒரு தடவை குதித்து, கோல்போஸ்ட்டுக்கு ஆறடி முன்னால் விழுந்தது. ஆணி எப்போதும் நிற்கும் அதே இடம். அங்கே யாரும் இல்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

நான் ஏணியில் இறங்கி வந்தபோது கோச் கீழே நின்றிருந்தார். "அடுத்த வாரம் கீழ் வரிசை வேண்டாம்" என்றார். வேறு மேட்ச் எதுவும் இல்லாததால் அது தேவையும் இல்லை. "சரி சார்" என்றேன். என்னால்தான் நேராக ஏறவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் கேட் வரைக்கும் பலர் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் போன் வந்தது. சத்தியமாக எனக்கு எடுக்கப் பயமாக இருந்தது. மூன்று மணி அடிக்கவிட்டு எடுத்தேன்.

"சனிக்கிழம நீ வராத மாப்ளே" என்றார் எடுத்த எடுப்பில். "மேட்ச் இருக்கு. நான் ரெண்டு ஆளப் புடிச்சுக்கிறேன்."

"நான் வர்றேன்."

"போர்டு யாருடா மாட்டுவா?"

"அதப் பாத்துக்கலாம். மச்சான், அன்னிக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது."

"எத?"

"கிழமை கேட்டது."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சனிக்கிழம ரெண்டு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "போர்டுக்கு யாரு?" என்றாள்.

"நீதான்."

"எனக்கு ஃபுட்பாலே தெரியாது."

"எண்ணத் தெரியும்ல? கோல் விழுந்தா ஒண்ணக் கூட்டிக் கொக்கில மாட்டு. எனக்கு மிஸ்டு கால் குடு. சட்டம் நீ எழுதினதுதான்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ஏணி ஆடுமா?" என்றாள். போகத் தீர்மானித்துவிட்டாள் என்று அர்த்தம்.

சனிக்கிழமை ஒன்றே முக்காலுக்கே மச்சான் வீட்டு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிப்பிடித்தெல்லாம் கொள்ளவில்லை. "கையுறை இருக்கு, போட்டுக்க" என்றார். அவர் மனைவி பிள்ளைகளோடு முன்னாலேயே போயிருந்தார். கட்டில், மெத்தை, பாத்திரப் பெட்டிகள் எல்லாவற்றையும் லிஃப்டில் இறக்கினோம். பீரோவைக் கடைசிக்கு ஒதுக்கினோம். இரண்டு பேருக்குமே அதைத் தொடத் தயக்கம். அது ஹால் கதவுக்குப் பின்னால் கொஞ்சம் சாய்ந்து நின்றது. நாலு வருஷத்துக்கு முன் அவர் இடுப்பு பிடித்த அதே இடம். நான் அதைப் பார்த்தேன், அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"தூக்கு" என்றார்.

மூன்று மணிக்கு மேட்ச் தொடங்கியிருக்கும். போன் என் சட்டைப் பையில் இருந்தது. நாலு மணி, நாலரை மணி. ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு வருவதற்குள் கை மரத்துவிட்டது. நான் மேலே, அவர் இரண்டு படி கீழே. "பூஜ்யத்துக்குப் பூஜ்யம்தான் போல" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "போர்டம்மாவுக்கு வேலை இல்ல." இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோவைத் திருப்பி, அடுத்த படிவரிசையில் முதல் படிக்கு இறக்கி, மாடிப்படியின் நடுவில் இரண்டு பேரும் அதன் மேல்பக்கமாக ஒட்டி நின்று தாங்கிக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பை அடித்தது.

ஒரு மணி, நின்றுவிட்டது.

நாங்கள் அசையவில்லை. ஒன்று என்றால் வாங்கிவிட்டோம். எண்பதாவது நிமிஷம் தாண்டியிருக்கும். இனிமேல் வாங்கினால் முடிந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். சத்தமாக எண்ணினேன், அவருக்கும் கேட்கட்டும் என்று. ஐந்து. ஆறு. ஆறில் நிறுத்தவில்லை. ஏழு. எட்டு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஒன்பது.

சட்டைப் பை மறுபடியும் அடித்தது.

யார் முதலில் விட்டது என்பதில் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. அவர் கையைத் தூக்கினார் என்கிறேன் நான். நான் குதித்தேன் என்கிறார் அவர். அந்த பீரோ பன்னிரண்டு படி தானாக இறங்கி, திருப்பத்துச் சுவரில் முட்டி, யோசித்துவிட்டு, மிச்சப் படிகளிலும் இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு இடி. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நல்லவேளையாகப் படியில் யாரும் இல்லை. லாரி டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று, உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நானும் மச்சானும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். போனை எங்கள் நடுவில் வைத்தோம். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பத்து நிமிஷமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வருஷம் பேசாமல் இருந்ததற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருந்தது.

போன் அடித்தது. நின்றது. மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுபடி அடித்தது, நின்றது. பிடி இறுகியது. மூன்றாவது அடித்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறப்பதற்குள் நாலாவதும் அடித்தது. எடுத்தேன்.

பின்னால் பன்னிரண்டாயிரம் பேர் கத்தும் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல். "ஏங்க! ஏறிட்டோம்ங்க! ஒண்ணுக்கு பூஜ்யம்! அந்த நிக்கிற பையன் போட்டான்!" இத்தனை வருஷத்தில் என் மனைவி எப்போதும் 'உங்க டீம்' என்றுதான் சொல்வாள். போனை மச்சானிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்து, முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, கேக்குதா?" என்று அவள் கத்துவது எனக்கே கேட்டது. "பீரோ இறங்கிருச்சா?"

மச்சான் படிகளுக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"இறங்கிருச்சும்மா" என்றார்.